அக்காவின் பெல்லுக்கு ஒரு பேட்டரி

கம்பெனி வேன் ஓட்டுகிறவனுக்கு எதற்கு ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் என்று கேட்காத ஆள் வேன் நிறுத்துகிற ஷெட்டில் கிடையாது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் அவனுக்கு ‘வயர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு வயராவது நீட்டிக்கொண்டிருக்கும். பேர் வைக்க வேறு காரணம் வேண்டுமா என்ன? காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் ஃபேக்டரியில் விடுவான், சாயங்காலம் திரும்ப ஏற்றி வீடுகளில் விடுவான். நடுவில் கிடைக்கும் நேரம் முழுக்க பின் சீட்டில் சாய்ந்துகொண்டு செல்போனில் வீடியோ பார்ப்பான். மற்ற டிரைவர்கள் பார்ப்பது சினிமா. இவன் பார்ப்பது மைக்ரோகன்ட்ரோலர்.

அது என்னமோ ஏதோ என்று மிரண்டுவிட வேண்டாம். தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு சின்ன போர்டு, அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்ததைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. அந்த ஒரு விஷயத்தில் அது தன் வேனில் வரும் சூப்பர்வைசரைவிட எவ்வளவோ மேல் என்பது வயரின் கட்சி.

ஆனால் இவன் சொல்லிக்கொடுத்த லட்சணம் வேறு மாதிரி. செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்று செய்தான். அது செடிக்கு விட்டதோ இல்லையோ, கீழ் வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த சட்டைக்கெல்லாம் விட்டது. ஃப்ரிட்ஜ் கதவு திறந்து கிடந்தால் கத்துகிற கருவி ஒன்று செய்தான். பால் எடுக்கப் போனாலே அது ஊரைக் கூட்டியது. அவன் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அதை ஃப்ரீஸருக்குள் வைத்து மூடிவிட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. குளிரில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று குறித்துக்கொள்ளவில்லையே என்றுதான் வருத்தப்பட்டான்.

அதுவரைக்கும் எல்லாம் விளையாட்டு. அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்த பிறகு அது விளையாட்டாக இல்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது இவன் டவுசர் போட்ட பையன். அக்கா ஒரு அச்சகத்தில் தாள் அடுக்கி, மடித்து, தைத்து, அந்தக் கையாலேயே இவனை ஆளாக்கினாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், “நேரமில்லாம போச்சுடா” என்பாள், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி. எதையும் வாய் திறந்து கேட்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டால் அப்படியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிடுவாள். இன்னொரு பழக்கம், எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வருவாள். உள்ளே இன்னொருத்தர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, பட்டென்று அணைத்துவிடுவாள். வீணாக எரிகிற எதையும் அவள் கண் பொறுக்காது. அந்த வளர்ப்பில் வளர்ந்தவன்தான் வயர். சிக்னலில் நின்றால் இன்ஜினை அணைக்கிற முதல் ஆள் இவன்தான்.

அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம் பாத்ரூமில் விழுந்து, வயரின் மனைவி வேலை முடிந்து வருகிற வரைக்கும் ஈரத் தரையிலேயே கிடந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா இருந்தார். ஒரு சத்தம் போட்டிருந்தால் ஓடி வந்திருப்பார்.

“ஏன்க்கா கூப்பிடல?” என்று ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டான் வயர்.

“அவங்க கொஞ்சம் கண்ணசர்ற நேரம்டா. பாவம், எதுக்கு எழுப்பிக்கிட்டு?”

இடுப்பெலும்பில் விரிசல். இதைக் கேட்டு அழுவதா, சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும், அக்காவே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அச்சகத்தில் கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி முதியோர் இல்லத்தில் இருக்கிறாளாம். அங்கே ஒரு கட்டில் காலியாகியிருக்கிறதாம். மாசக் கடைசி வரைக்கும் அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார்களாம்.

“நான் அங்க போயிடறேன்டா. எந்நேரமும் ஆள் இருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, எத்தனை நாளைக்கு என்னைக் காவல் காப்பீங்க?”

இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். வயருக்குக் குழப்பமாகிவிட்டது. அவளுக்கு நிஜமாகவே போக ஆசையா? இல்லை, நமக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று அப்படிச் சொல்கிறாளா? அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

மனைவியைக் கேட்டான். அவள் தெருமுனைப் பல் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறவள். வலிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள்.

“அண்ணி சொல்றதுல எது நிஜம், எது நமக்காகச் சொல்றதுன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்குப் புரிஞ்சதே இல்லீங்க,” என்று அவளும் கையை விரித்துவிட்டாள்.

சரி, பேச்சு வேலைக்காகாது என்று வயர் தனக்குத் தெரிந்த வழிக்கு வந்தான்.

“அக்கா, நான் உனக்கு ஒரு பெல் செஞ்சு தரேன். கழுத்துல மாட்டிக்கோ. பட்டனை அமுக்கினா கிச்சன்ல அடிக்கும், இவ போன்லயும் அடிக்கும். தெருமுனையிலேருந்து ஓடி வர எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது? அது ஒழுங்கா வேலை செஞ்சா நீ இங்கதான் இருக்கணும். சம்மதமா?”

“செய்டா, பார்க்கலாம்,” என்றாள் அக்கா.

பார்க்கலாம் என்றால் சரி என்றா அர்த்தம், முடியாது என்றா? அதையும் அவள் சொல்லவில்லை.

பெல் செய்வது பெரிய பாடாக இல்லை. ஒரு போர்டு பட்டனோடு அக்காவிடம், இன்னொரு போர்டு மணியோடு கிச்சனில். வீட்டு வைஃபை வழியாக இது கூப்பிடும், அது அடிக்கும். பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிற வரைக்கும் விடாமல் அடிக்கும். மேஜையில் வைத்து, சார்ஜர் வயரை சுவரில் செருகி அமுக்கியதும் கிச்சனில் மணி கணீரென்று அடித்தது. வயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டமே போட்டான். ஆனால் சுவரில் வயரைச் செருகிக்கொண்டு அக்கா பாத்ரூமுக்குப் போக முடியுமா? பேட்டரி வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி.

சும்மா கிடந்த ஒரு குட்டி பவர் பேங்கைத் தேடி எடுத்தான். லிப்ஸ்டிக்கைவிடக் கொஞ்சம்தான் பெரியது. போர்டை அதில் செருகி, இரண்டையும் ஒரு டப்பாவில் அடைத்து, பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்சும் வைத்தான். மனைவி தன் பழைய கைப்பையை வெட்டிக் கழுத்தில் தொங்குகிற மாதிரி ஒரு பை தைத்துக் கொடுத்தாள். அன்றைக்கெல்லாம் பெல் அடித்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் பவர் பேங்க் சுத்தமாகக் காலி.

“தினமும் சார்ஜ் போடணுமாடா?” என்றாள் அக்கா. “எதுக்கு உனக்கு இந்தத் தொந்தரவு?”

அந்த வார்த்தை போதாதா! வயர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினான். எங்கெல்லாம் கரண்ட் வீணாகிறது என்று அலசினான். போர்டில் ஒரு குட்டி விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடுங்கினான். பட்டனை அமுக்காத நேரத்திலும் வைஃபையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை நிறுத்தினான். அமுக்கும்போது மட்டும் எழுந்தால் போதும், மற்ற நேரம் தூங்கு என்று போர்டுக்குச் சொல்லிக்கொடுத்தான். இனிமேல் அது குடிக்கிற கரண்ட் ஒரு சொட்டுத்தான். வாரக்கணக்கில் ஓடும் என்று கணக்குப் போட்டு, அக்காவின் வளர்ப்பு என்றால் சும்மாவா என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

டப்பாவை மூடி அக்கா கழுத்தில் மாட்டினான். சட்டை மாற்றிக்கொண்டு வந்து, “அமுக்குக்கா” என்றான்.

அமுக்கினாள். சத்தமே இல்லை.

பிரித்துப் பார்த்தான். பவர் பேங்கில் சார்ஜ் காட்டுகிற எல்லாப் புள்ளியும் எரிகிறது, வயிறு நிறைய சார்ஜ் இருக்கிறது. ஆனால் போர்டு செத்துக் கிடக்கிறது. பிடுங்கிச் செருகினான், உயிர் வந்தது. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தான், திரும்பச் செத்திருந்தது. அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நிறைய குடித்தபோது நாள் முழுக்க ஓடியது. இப்போது சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது, ஒரு டீ குடிக்கிற நேரம் தாங்கவில்லை!

இன்னும் ஏதோ ஓட்டை வழியாகக் கரண்ட் ஒழுகுகிறது என்று முடிவு கட்டி, இன்னும் மிச்சம் பிடித்தான். வயரை மாற்றினான். பற்றவைத்த இடத்தையெல்லாம் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தான். இன்னொரு பவர் பேங்க், நல்ல தடியானது, வாங்கி வந்து மாட்டினான். தடியனும் படுத்தான். மாசக் கடைசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வேன் ஓட்டும்போதுகூட இதே நினைப்பு. ஒரு நாள் பாதி ஆட்களை ஏற்றாமலே கிளம்பிப் போய், நடுவழியில் நினைவு வந்து திரும்பினான். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இவன் திருதிருவென்று விழித்துக்கொண்டு, “சார், உங்க போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கு?” என்று கேட்டான்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைதான் மண்டை முழுசாகக் காய்ந்துபோயிற்று. காலையிலிருந்து பெல் அணையவே இல்லை. எப்போது அமுக்கினாலும் அடித்தது. சரியாகிவிட்டது போல என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்த நேரம், மனைவி வந்து தடியன் பவர் பேங்கின் இன்னொரு துளையிலிருந்து தன் செல்போனை உருவிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் பெல் செத்தது.

“ஏய், திரும்பச் செருகு!” என்று கத்தினான்.

செருகினாள். பெல்லுக்கு உயிர் வந்தது. உருவினாள். போய்விட்டது.

“என்ன கொடுமை இது! ரெண்டு பேருக்குச் சோறு போடச் சொன்னா முகம் சுளிக்காம போடுது, ஒருத்தருக்குன்னா மாட்டேங்குது!”

“எங்கிட்ட ஏன் கத்தறீங்க? நான் போனை எடுத்தது ஒரு குத்தமா?”

மறுநாள் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனான். அந்தக் கடைக்காரம்மா நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு போனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருந்தார். இவன் சொன்ன கதையில் பாதிகூட அவர் காதில் விழுந்த மாதிரி இல்லை.

“அண்ணே, பவர் பேங்க் போனுக்குன்னு செஞ்சது. போன் நிறைஞ்சா கரண்ட் இழுக்கறது குறையும் இல்ல? உடனே, சரி, இங்க யாரும் இல்லபோலன்னு அதுவே ஆஃப் ஆயிடும். உங்க போர்டு எவ்வளவு இழுக்குது?”

“ரொம்பக் கொஞ்சம்மா. கஷ்டப்பட்டு அவ்வளவு குறைச்சிருக்கேன்,” என்றான் வயர் பெருமையாக.

“அதான் ஆளே இல்லன்னு படுத்துக்குது. இன்னும் கொஞ்சம் கேக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கண்ணே, வெளிச்சம் மறைக்குது.”

வயர் தள்ளி நின்றான். அவன் இத்தனை நாள் மிச்சம் பிடிக்க மிச்சம் பிடிக்கத்தான் அது அணைந்துகொண்டிருந்திருக்கிறது. குறைவாகக் கேட்டதுதான் குற்றமா? இது என்ன நியாயம்? நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுக்க வேண்டாமா? புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. வேன் சாவியை அந்தக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டுத் திரும்ப ஓடினான்.

அன்று சாயங்காலமே போர்டுக்குப் புதுசாகச் சொல்லிக்கொடுத்தான். தூங்கு, ஆனால் அடிக்கடி எழுந்து ஒரு வாய் கரண்ட் இழு. வேலை இருக்கிறதோ இல்லையோ, இழு. இழுத்தது தெரிவதற்கு அடையாளமாகப் பிடுங்கிய விளக்கையும் திரும்ப வைத்தான். கரண்ட்டை வேண்டுமென்றே வீணாக்குகிற ஒரு வேலையைச் செய்ய அவன் கை கூசியது. ஆனால் தடியன் படுக்கவில்லை. நாள் கணக்கில் விழித்திருந்தான், பெல்லும் அடித்தது.

தலைவலி விட்டது என்று நினைத்தீர்களா? வயரும் அப்படித்தான் நினைத்தான். அக்கா கழுத்தில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் வந்து பார்த்தால் விளக்கு சிமிட்டவில்லை. செத்துக் கிடந்தது. பிரித்துச் செருகி, எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்க்காமலே ஸ்விட்சையும் தள்ளினான், நன்றாக ஓடியது. மறுநாளும் அதே கதை. இவன் வீட்டில் இருக்கிற வரைக்கும் ஓடுகிறது, வாசலைத் தாண்டினால் சாகிறது. இதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை. இதற்குள் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்துவிட்டது. கட்டில் வேண்டுமா, வேண்டாமா, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார்கள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. சத்தம் காட்டாமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த வயர், அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான். அக்கா கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, கழுத்துப் பையை மடியில் வைத்து, கட்டைவிரலால் டப்பாவின் ஸ்விட்சை நிதானமாகத் தள்ளி அணைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா! என்ன பண்ற நீ?”

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “ஒண்ணுமில்லடா. சும்மா கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருக்கு. யாருமில்லாத வீட்டுல எதுக்கு வீணா எரியணும்?”

“யாருமில்லையா? நீ இருக்கியே!”

“நான் என்னடா… தேவைன்னா போட்டுக்க மாட்டேனா?”

வயருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! வளர்த்தவள் முன்னால் குரல் உயர்த்தியே அறியாதவன், பையிலிருந்த வயர் துண்டுகளைத் தரையில் விசிறியடித்தான்.

“போட மாட்ட! அன்னைக்கு ஒரு சத்தம் போட்டியா? ஈரத்துல கிடந்தியேக்கா! இந்த பவர் பேங்க் இருக்கே, கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் முழிச்சிருக்கும். கொஞ்சமா கேட்டா ஆளே இல்லன்னு நினைச்சு அணைஞ்சிடும். இதைக் கண்டுபிடிக்க நான் பைத்தியக்காரன் மாதிரி அலைஞ்சேன். நானும் அந்த பவர் பேங்க் மாதிரிதான்க்கா. நீ ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் வேணாம்போலன்னு நினைச்சுக்கிட்டு இத்தனை வருஷம் இருந்துட்டேன். எனக்கு ஒண்ணுமே புரியலக்கா. உனக்கு அங்க போகணுமா, இங்க இருக்கணுமா? நான் டிரைவர். ரைட்டா லெஃப்டான்னு சொன்னாத்தானே திருப்ப முடியும்?”

 அக்கா பையைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு, “போய் முகத்தைக் கழுவிட்டு வா. டீ போட்டு வச்சிருக்கேன், ஆறிடும்,” என்றாள். அவ்வளவுதான். 

அன்று முழுக்க வயருக்கு இதே நினைப்பு. அப்படியென்றால் போகத்தான் ஆசைப்படுகிறாள் போலிருக்கிறது, நான்தான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.  நாளைக்குப் போன் பண்ணிக் கட்டில் வேண்டும் என்று சொல்லிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னான். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தான் வயர். கிச்சனில் மணி அடித்தது.

ரேசரைப் போட்டுவிட்டு ஓடினான். தோசைக் கரண்டியும் கையுமாக மனைவி பின்னாலேயே ஓடி வந்தாள். அறைக்குள் அக்கா கட்டிலில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள். வாக்கர் பக்கத்தில் இருந்தது. டப்பாவின் விளக்கு ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது.

“என்னக்கா? விழுந்துட்டியா?”

“இல்லடா.”

“வலிக்குதா?”

“இல்ல.”

“தண்ணி வேணுமா? ஜன்னலைத் திறக்கணுமா?”

“அதெல்லாம் இல்ல.”

வயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தான். அவளுக்கும் விளங்கவில்லை. “பின்ன? அடிக்குதான்னு பார்த்தியா?” என்றான்.

“இல்லடா. ஒண்ணு கேக்கணும்.”

பிறந்ததிலிருந்து அந்த வாயில் அவன் கேட்டிராத வார்த்தை. காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. “கேளுக்கா,” என்றான்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தப்பு செய்துவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை போல இருந்தது முகம்.

“எனக்கு அங்க போகப் பிடிக்கலடா. இங்கேயே இருந்துக்கட்டுமா?”

வயர் வாயைத் திறந்தான். நுரைதான் உள்ளே போனது. மனைவிதான் கரண்டியோடு போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, “இதைக் கேக்க இத்தனை நாளா அண்ணி?” என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுக்க மறந்துவிட்டிருந்தாள். கிச்சனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த அந்த வீட்டில் யாரும் எழுந்து போகவில்லை.